வட்டத்துக்குள் சொன்னது

வருஷத்துக்கு ஒரு தடவை மான்டெர்ரே நகரத்து முதலாளிகள் ஆறு பேர் விமானம் ஏறி வெளிநாடு போய், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதுவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் நட்பைப் பலப்படுத்துவது. இந்த வருஷம் அர்ஜென்டினாவில், மெந்தோசா பக்கத்துத் திராட்சைத் தோட்டம். ஐஸ் கம்பெனி நடத்தும் நொயெமிக்கு வரவே பிடிக்கவில்லை. ஊரில் தம்பி உபால்தோ, அந்தக் கம்பெனியில் தனக்குள்ள பாதிப் பங்கை யாருக்கோ விற்கப் போகிறான். யாருக்கென்று கேட்டால் வாயே திறப்பதில்லை. ஆனாலும் வராவிட்டால் 'வட்டம்' என்று இவர்கள் சொல்லிக்கொள்ளும் இந்தக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். எட்டு வருஷப் பழக்கத்தை விட மனமில்லாமல் வந்துவிட்டாள்.

வட்டத்துக்கு விதிகள் உண்டு. ஊர் திரும்பும்வரை போன்கள் கூடையில் கிடக்கும். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. அவரவர் கதையை மட்டும் சொல்லலாம். அங்கே சொன்னது கட்டிய புருஷன் காதுக்குக்கூடப் போகக் கூடாது.

மதியம் கறி விருந்து முடிந்து வட்டமாக உட்கார்ந்ததும், குளிர்சாதன லாரிகள் ஓட்டும் எவாரிஸ்தோ வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மனசு உறுத்துதுப்பா, சொல்லிடறேன். உபால்தோ பங்கை வாங்கறது நான்தான். இன்னிக்கு ஊர்ல என் வக்கீல் கையெழுத்துப் போடறாரு. உங்ககிட்ட மறைக்க எனக்குப் பிடிக்கல."

வட்டத்தை நடத்தும் பெரெனிஸ் கண்ணை மூடித் தலையாட்டினாள். "தைரியமாப் பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி."

"வட்டத்துல சொன்னது வட்டத்தோட. உனக்கும்தான் நொயெமி," என்று எவாரிஸ்தோ சிரித்தான்.

பாவி, நாளைக்குத் தெரிந்தாலும் அவள் பேச முடியாதபடி வாயைக் கட்டத்தான் சொல்லியிருக்கிறான். நொயெமி எழுந்து நேரே கூடைக்குப் போனாள்.

"உக்காரும்மா," என்றான் செருப்பு ஃபாக்டரி எலிசெயோ. "வியாபாரம் வேற, வட்டம் வேற. இத்தனை வருஷத்துல யாரும் மீறினதில்ல."

"போறது உன் கம்பெனியா? பொத்திக்கிட்டு இரு."

தன் போனை எடுத்துத் தம்பியை அழைத்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னக்கா? அங்க போனா போனையே தொடமாட்டியே!"

"கையெழுத்துப் போட்டுட்டியாடா?"

"நோட்டரி ஆபீஸ் வாசல்ல நிக்கறேன். உனக்கென்ன வந்துச்சு? நான் உன் முதுகுல ஏறின மூட்டைதானே. எப்படா தொலைவான்னு கார்தஹேனாவுல அழுதியாமே. எவாரிஸ்தோ சொன்னாரு. சொன்னியா, இல்லியா?"

போன வருஷம் கார்தஹேனாவில் போட்ட வட்டம் அது. எலிசெயோ தன் சின்ன வீட்டைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்ததும் அங்கேதான்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். வட்டத்தில் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பதால் இங்கே ஒருவரும் மறுத்துப் பேச முடியாது. நொயெமியின் நாக்குவரை வந்துவிட்டது அந்த வார்த்தை. எதிரே எவாரிஸ்தோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் போலவே தானும் இந்த விதிக்குப் பின்னால் ஒளிவதா என்று அருவருப்பாக இருந்தது.

"சொன்னேன்," என்றாள். "மூட்டைன்னு சொன்னேன். தொலையட்டும்னும் சொன்னேன். போடாதேடா. நான் வரேன், என் மூஞ்சியில காறித் துப்பு. அப்புறம் யாருக்கு வேணும்னாலும் வித்துக்கோ."

போனில் உபால்தோ யாரிடமோ, "கொஞ்சம் பொறுங்க," என்பது கேட்டது.

"எப்ப வர்றே?"

"இப்பவே கிளம்பறேன்."

"வா. துப்பாம விடமாட்டேன். அதுவரைக்கும் பேனாவைத் தொடல."

அவள் போனை அணைத்தாள். பெரெனிஸ் ஏதோ விதியைச் சொல்ல வாயெடுத்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"எவாரிஸ்தோ," என்றான் எலிசெயோ, மெதுவாக. "என் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே?"

"சீச்சீ, உன் விஷயத்தை நான் ஏன்…"

"என் பார்ட்னர்கிட்ட?" என்றது இன்னொரு குரல்.

நொயெமி பையை எடுக்க உள்ளே போனாள். பின்னால் நால்வரும் எவாரிஸ்தோவை நோக்கி நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததேயில்லை.