டிரம்பெட்காரர் போன இடம்

மோட்டார் ரூமில் கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, மெக்கானிக் அந்தப் பார்சலை வெளியே இழுத்தார். பழுப்புக் காகிதத்தின் ஒரு மூலையில் கறை ஏறியிருந்தது. கையிலிருந்த துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறை பரவியதே தவிரப் போகவில்லை. போனால் போகிறது என்று பார்சலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தான் சரிபார்த்து முடித்த லிஃப்ட்டிலேயே கீழே இறங்கி, சூப்பர்வைசரிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். நடை என்று பேர்தான், பாதி ஓட்டம்.

பார்சல் வந்து நாலைந்து நாளாகிறது. தபால்காரர் கொடுத்தபோது அவர் மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அனுப்பிய கடையின் பெயரைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த புத்தகத்தின் இரண்டாம் பாகம். வேறு சமயமாக இருந்தால் அந்த நிமிஷமே தட்டி எழுப்பியிருப்பார். ஆனால் இதய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அடுத்த வாரம் ஆபரேஷன். அதுவரைக்கும் அவங்களுக்கு அதிர்ச்சியும் கூடாது, அளவுக்கு மீறின சந்தோஷமும் கூடாது." மச்சானிடம் போனில் யோசனை கேட்டார். அவள் அண்ணன் அவர். தங்கை விஷயத்தில் டாக்டருக்கும் ஒரு படி மேலே. "ஆபரேஷன் முடியட்டும் மாப்பிள்ளை. புத்தகம் எங்க ஓடிடப் போகுது" என்றார். சரியென்றுதான் பட்டது. வீட்டில் எங்கே ஒளித்தாலும் அவள் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இன்று காலை அவர் கிளம்பும்போது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னை இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறதுக்கு, பேசாம பீரோவுல வச்சுப் பூட்டிட்டு சாவியை எங்க அண்ணன்கிட்ட குடுத்துடுங்க" என்றாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். காலை முழுக்க அந்தக் குரல் அவருடைய காதிலேயே இருந்தது. ரோப்புக்கு எண்ணெய் விடும்போதும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், மூடிவிட்டு, கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டார்.

அவர்கள் வீட்டு முன்னறையில் அவள் கட்டிலை விட்டால் உட்கார இடம் கிடையாது. மூன்று சுவரிலும் புத்தகம். எல்லாம் ஜாஸ் இசை, இல்லையென்றால் அந்த இசை பிறந்த அமெரிக்கா. பாடகிகளின் வாழ்க்கை, ரயிலில் தூங்கித் தூங்கி ஊர் ஊராகப் போன இசைக்குழுக்கள், முடிதிருத்தும் கடைகளில் நடந்த அரட்டை, கறுப்பர்கள் வடக்கே குடிபெயர்ந்த கதை, பேஸ்பால் என்று எதையும் விடமாட்டாள். ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தபோது யாரோ விட்டுப்போன ஒரு புத்தகத்தில் தொற்றிக்கொண்ட பைத்தியம். படித்ததை அலமாரியில் அடைத்து வைக்கிற ரகமில்லை அவள். கேட்கிறவர்களுக்கெல்லாம் இரவல் கொடுப்பாள். கொடுத்தவர்கள் படித்தார்களா என்று பரீட்சையும் வைப்பாள்.

மெக்கானிக் அதில் ஒரு பக்கம் படித்ததில்லை. ஆனால் அந்த மனிதர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அவள் பேச்செல்லாம் அவர்களைப் பற்றித்தான். வாயில் நுழையாத பெயர்களுக்கெல்லாம் அவளே பெயர் வைத்திருந்தாள். தாளத்துக்கு முன்னாலேயே புகுந்துவிடுகிற டிரம்ஸ்காரன் முந்திரிக்கொட்டை. மேடையில் ஒரு வார்த்தை பேசாத பியானோக்காரர் உம்மணாமூஞ்சி. அவர்கள் எல்லோரையும்விட டிரம்பெட்காரரைத்தான் அவருக்கு நெருக்கமாகத் தெரியும். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் காணாமல் போனவர். மறுநாள் சிகாகோவில் ரெக்கார்டிங். முதல் ரெக்கார்டு. முடி வெட்டிக்கொள்ளப் போனவர் திரும்பவில்லை. டிரம்பெட் பெட்டி மட்டும் முடிதிருத்துகிற கடை நாற்காலியில் இருந்தது. அதோடு பாகம் முடிந்துவிட்டது. "இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போறானே, இவனெல்லாம் ஒரு எழுத்தாளனா" என்று அவள் அன்று இரவு சாப்பிடக்கூட இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அவள் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்சலைக் கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தார்.

அவள் புரண்டு பார்த்தாள். அனுப்பியவர் முகவரியைப் படித்தாள். எழுந்து உட்கார்ந்தாள். பிரிக்கவில்லை. கறையை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"இன்னைக்குத்தான்."

"தபால்காரர் இப்ப லிஃப்ட்டுக்கு கிரீஸ் போடுறாரா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு, பழையபடி. அவர் பயந்துபோய்க் கிட்டே வந்தார்.

"மெதுவாம்மா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டருக்கு இந்தப் புத்தகம் வந்தது தெரியாது. தெரிஞ்சிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாரு. கத்தரிக்கோலை எடுங்க."

பிரித்தாள். தடித்த புத்தகம். நடுவில் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவள் படங்களைப் பார்க்கவே மறுத்தாள். கையால் மறைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனாள்.

"கடைசியில போய்ப் பாத்துட்டா தெரிஞ்சுடுமில்ல?" என்றார் அவர். அவருக்கே இருப்புக்கொள்ளவில்லை.

"நான் என்ன முந்திரிக்கொட்டையா? வரிசையாத்தான் வருவேன். உக்காருங்க."

அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவள் ஆங்கிலத்தில் மனசுக்குள் படித்து, தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் காது கதையில் பாதி, அவள் மூச்சில் பாதி. மோட்டார் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கிறவர். மூச்சு சீராகத்தான் இருந்தது. முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த நிறம் திரும்பியிருந்தது. நல்லதுதான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் முந்திரிக்கொட்டையின் கல்யாணம் வந்தது. பிறகு உம்மணாமூஞ்சி வாங்கிய கார். இரண்டு பேரும் பொறுமையிழந்தார்கள். "இந்த எழுத்தாளன் வேணும்னே இழுக்குறான்" என்றாள் அவள். சட்டென்று நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"என்ன? செத்துட்டாரா?"

"பல்லுங்க."

"என்ன பல்லு?"

"கடை வாசல்ல பனி உறைஞ்சு கெடந்திருக்கு. பெட்டியை உள்ள வச்சுட்டு வெளிய வந்தவரு வழுக்கி விழுந்ததுல முன்பல்லு உடைஞ்சு போச்சு. ஒரே ஒரு பல்லு. பல்லு போனா டிரம்பெட் ஊத முடியாதுங்க. உதட்டை எதுமேல அழுத்துறது? வெளிய சொல்ல மானக்கேடு. அப்படியே ரயிலேறிட்டாரு." அவள் பக்கத்தைத் திருப்பினாள். பாதி படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"உங்க ஆளாயிட்டாருங்க."

"என்னது?"

"லிஃப்ட்டு. ஒரு பெரிய ஹோட்டல்ல லிஃப்ட் ஓட்டியிருக்காரு. பத்துப் பன்னெண்டு வருஷம். தொப்பி, பித்தளைப் பொத்தான் வச்ச கோட்டு எல்லாம் போட்டுக்கிட்டு."

மெக்கானிக் எழுந்தே விட்டார். "அந்தக் காலத்து லிஃப்ட்டா? லீவர் வச்சது?"

"எனக்கென்ன தெரியும். நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். பட்டன் கிடையாது. கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் மேலே, அந்தப் பக்கம் இழுத்தால் கீழே. மாடிக்குச் சமமாக நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை, கொஞ்சம் பிந்தினால் ஏறுகிறவர் தடுக்கி விழுவார். கையில் அளவு வேண்டும். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். நடுவில் போனை எடுத்துக் கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவளிடம் வழக்கமாக இரவல் வாங்குகிறவர், டிரம்பெட்காரரைச் சுட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"தம்பி, உங்க ஆளை யாரும் சுடல. உயிரோட லிஃப்ட் ஓட்டிக்கிட்டிருக்காரு. மிச்சத்தைத் தெரிஞ்சுக்கணும்னா கடையைச் சாத்திட்டு சாயந்திரம் வாங்க." எதிர்முனை கெஞ்சுவதைக் கேட்டு ரசித்துவிட்டு வைத்தாள்.

"ஊதுறதை அடியோட விட்டுட்டாரா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"இருங்க, வருது. விசில் அடிப்பாராம். லிஃப்ட் ஏறும்போது. ஒவ்வொரு மாடிக்கும் வேற வேற மாதிரி. ரூமுக்குப் போக வேண்டியவங்க எறங்காம மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருப்பாங்களாம்." புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "ஒரு மாடி ஏற எவ்வளவு நேரமாகும்?"

அவர் யோசித்தார். "பழைய லிஃப்ட்டு மெதுவாத்தான் போகும். ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம்னு வச்சுக்கயேன்."

அவள் கண்கள் விரிந்தன. "ஊதுறவனுக்கும் அதாங்க கணக்கு. ஒரு மூச்சுல எவ்வளவோ அவ்வளவுதான். அப்ப அவரு வாசிச்சுக்கிட்டேதான் இருந்திருக்காரு. மாடிக்கு ஒரு மூச்சு." அவர் கையைப் பிடித்தாள். "ஓட்டுங்க பாப்போம்."

"எதை?"

"லிஃப்ட்டை. நான் அவரு. மெதுவாத்தான் பாடுவேன், பயப்படாதீங்க."

அவருக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கிரில் கதவு இழுபடுகிற சத்தத்தை வாயால் போட்டார். அவள் சிரித்துச் சாய்ந்துகொண்டாள்.

"ஒண்ணாவது மாடி."

அவள் கண்ணை மூடி, ஒரு சின்ன மெட்டை முனகினாள். மூச்சு முடிகிற இடத்தில் அதை ஒரு வளை வளைத்து நிறுத்தினாள். அவர் கையை அதற்குச் சரியாக இழுத்தார்.

"ரெண்டாவது மாடி."

இது வேறு. துள்ளிக்கொண்டு போயிற்று. அவள் விரல்கள் புத்தக அட்டையில் தாளம் போட்டன. மூன்றாவது மாடியில் தன்னை அறியாமல் அவரும் கொஞ்சம் சேர்ந்துகொண்டார். சுருதி எங்கோ போனது. அவள் கண்ணைத் திறக்காமலே புன்னகைத்தாள்.

"நாலாவது மாடி."

அவர் காத்திருந்தார். புதிதாக எதையோ யோசிக்கிறாள் என்று நினைத்தார். கையைச் சட்டத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, நிற்கிற லிஃப்ட்டை நிறுத்திப் பிடித்திருப்பவர் போலக் காத்திருந்தார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

"மாடி வந்துடுச்சும்மா" என்றார்.

பிறகு அவர் காது அவள் மூச்சைத் தேடியது.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்தச் சாவு தூங்கும்போதும் வந்திருக்கலாம், எதனால் என்று சொல்ல முடியாது என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று மெக்கானிக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெயில் தாழ்வதற்குள் மச்சானும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். அண்ணி கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, நாத்தனாரின் தலையைச் சீவி, போர்வையைச் சரிசெய்து, வருகிறவர்களுக்குக் காப்பி போட அடுக்களைக்குள் போனாள். கண்ணாடிக் கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார். வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே வந்து, புத்தகங்களுக்கு நடுவே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

மச்சான் தங்கையின் காலடியில் வெகுநேரம் நின்றார். பிறகு கட்டில் ஓரத்தில் விரித்தபடியே கிடந்த புத்தகத்தை எடுத்தார். அட்டையைப் பார்த்தார். கறைபட்ட காகிதம் தரையில் கிடந்தது.

"இதை எப்ப குடுத்தீங்க மாப்பிள்ளை?"

"மத்தியானம்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல மச்சான்."

மேற்கொண்டு சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. காலையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது, அந்தச் சிரிப்பு, முகத்தில் வந்த நிறம். மச்சானின் தாடை இறுகுவதைப் பார்த்தார். திட்டட்டும் என்று இருந்தது. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

"அண்ணே" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், தரையைப் பார்த்தபடி. "அக்கா எனக்கு போன் பண்ணாங்க. அவங்க குரலை நீங்க கேட்டிருக்கணும்."

மச்சான் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினார். அவருக்கு ஆங்கிலம் ஓடாது. படங்கள் இருந்த பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாத்தியங்களோடு வரிசையாக நிற்கிற கோட்டுப் போட்ட மனிதர்கள். எதையோ தேடுகிறவர் மாதிரி முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடி வெட்டிக்கப் போனானே" என்றார். "வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனைப் பத்தித்தான் பேசுவா. என்னதான் ஆனானாம்?"

மெக்கானிக் அவளைப் பார்த்தார். அப்புறம் மச்சானைப் பார்த்தார்.

"கடை வாசல்ல பனி உறைஞ்சு கெடந்திருக்கு மச்சான்" என்று ஆரம்பித்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் முக்காலியைச் சத்தமில்லாமல் கிட்டே நகர்த்திக்கொண்டார். உள்ளே அண்ணி அடுப்பை அணைத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.