பாலன் இன்னும் பிறக்கவில்லை

டிசம்பர் மாதக் கோடையில் ஒக்லண்ட் வெயில் மண்டையைப் பிளக்கும். பிளொக்ஹவுஸ் பேயில் இருந்த அந்தப் பாலர் பள்ளியிலோ ஜன்னலெல்லாம் பஞ்சால் பனி ஒட்டியிருந்தார்கள். பனியைக் கண்ணாலும் காணாத முப்பது பிள்ளைகள், வெறுங்காலோடு வியர்த்து வழிந்தபடி, பனிக்கால நத்தாரை, கிறிஸ்மஸ் பண்டிகையைப் பற்றி இரண்டு கிழமையாகப் படித்து வந்தார்கள். இது ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

சுதர்ஷிகாவுக்கு வேறு கவலை. அவள் மகள் ஜனுஷா, வீட்டில் வாய் மூடாதவள், இங்கே சேர்ந்து ஆறு மாதமாக ஒரு சொல் பேசவில்லை. பெப்ரவரியில் ஐந்து வயது முடிந்தால் பெரிய பள்ளிக்கூடம். "அதற்கு முன் ஒரு டொக்டரிடம் காட்டலாமே" என்று ஹெதர் ரீச்சர் சொன்ன நாளிலிருந்து தாய்க்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இங்கே ரீச்சர்மாரை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மன்னாரில் படித்த சுதர்ஷிகாவுக்கு மட்டும் அந்த 'ரீச்சர்' இல்லாமல் நாக்குப் புரளாது.

இன்றைக்கு ஆண்டிறுதி நாடகம். ஜனுஷாவுக்கு மாதா வேடம். மாதாவுக்கு வசனம் கிடையாது என்பதுதான் காரணம். பாலன் இயேசுவான பொம்மையைத் தொட்டிலில் வைத்தால் போதும். அதற்கே சுதர்ஷிகா தன் நீலச் சேலையை வெட்டி முக்காடு தைத்திருந்தாள். பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள்.

தலையில் துவாய் கட்டிய இடையர்கள் வந்தார்கள். கழுதை இரண்டு தடவை வழி தவறியது. ஹெதர் சைகை காட்டினாள். ஜனுஷா அசையவில்லை. பொம்மையை முக்காட்டுக்குள் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"வையுங்கோ பிள்ளை" என்று சுதர்ஷிகா வாயசைத்தாள். மகள் தலையை ஆட்டி மறுத்தாள். பொறுமையிழந்த இடையன் ஜேசன் பொம்மையின் காலைப் பிடித்து இழுத்தான்.

"ஸ்டாப் இற், ஜேசன்."

பேசியது ஜனுஷா. ஹெதர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜனுஷா விடவில்லை. பாலன் இன்னும் பிறக்கவில்லை, இருபத்துநாலாம் திகதி நடுச்சாமப் பூசையில்தான் பிறப்பார், அதுவரை தொட்டில் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில், இந்த ஊர்ப் பிள்ளைகளின் அதே இழுவையில், அடுக்கிக்கொண்டே போனாள்.

சுதர்ஷிகாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த கணம் முகம் சிவந்தது. போன ஞாயிறு வீட்டில் குடில் கட்டும்போது, பாலனின் சுரூபத்தைத் தொட்டிலில் முந்தி எடுத்து வைத்த மகளின் கையில் ஓர் அடி போட்டு இந்தப் பாடத்தைப் படிப்பித்தவளே அவள்தான்.

"அப்ப இப்ப அவர் எங்கே?" என்று ஜேசன் கேட்டான்.

"வயிற்றுக்குள்ளே" என்று மாதா பொம்மையைச் சட்டைக்குள் திணித்தாள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

சிரிப்பைக் கண்டதும் குழந்தையின் முகம் வாடியது. "அம்மா, நான் சொன்னது ஓம்தானே?" என்று தமிழில் கேட்டாள். ஹெதரும் மற்றவர்களும் சுதர்ஷிகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வைத்துவிடு என்று சொன்னால் நாடகம் நல்லபடி முடியும். பிள்ளையின் வாயும் அத்தோடு மூடிவிடும். இங்கே ஆங்கிலம் பேசக் கூசி, ஆறு மாதமாகத் தலையாட்டலிலும் புன்னகையிலும் காலந்தள்ளிய சுதர்ஷிகா எழுந்து நின்றாள்.

"ஷீ இஸ் ரைற், ஹெதர் ரீச்சர்" என்றாள். "வீ வெயிற்."

ஹெதர் தொட்டிலிலிருந்த வைக்கோலைச் சரிசெய்துவிட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அப்படியானால் காத்திருப்போம். இன்னும் எத்தனை நாள், ஜனுஷா?"

ஜனுஷா விரல் விட்டு எண்ணினாள். விரல் போதாமல் ஜேசனின் விரல் ஒன்றையும் கடன் வாங்கினாள். வெறும் தொட்டிலைச் சுற்றி இடையர்களும் கழுதையும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததோடு நாடகம் முடிந்தது. சுதர்ஷிகா வெட்கப்படாமல் அழுதாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜனுஷாவின் வாய் ஓயவில்லை. தாய் ஒரு தடவைகூடச் சும்மா இரு என்று சொல்லவில்லை.