முனகும் வண்டி

பேட்டரி படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியபோதே அக்கா தம்பிக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி மூச்சை விட்டு, பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்த பிறகுதான் சொன்னாள். அதுவும் பாதியை மட்டும் சொன்னாள்.

சொல்லாத மீதிப் பாதி அவள் புருஷனைப் பற்றியது. வண்டி ஓட்டும்போது அவர் முனகுவார். அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டு கோபித்துக்கொள்ளும். வேகம் கூடினால் முனகல் மேலே ஏறும், பிரேக்கில் கால் வைத்தால் கீழே இறங்கும். “இன்ஜினுக்கு ஒத்து ஊதுறீங்களா?” என்று அக்கா கேலி செய்வாள். போன மழைக்காலத்தில் ஆபீஸ் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

சில மாதம் கழித்து, வண்டி ரேடியோவில் அந்த முனகல் கேட்க ஆரம்பித்தது. ஸ்டேஷன் எதுவும் கிடைக்காத இடத்தில் ரேடியோ முள்ளை வைத்தால் போதும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. முதல் நாள் அக்கா பயந்துபோய் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். மறுநாள், வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் ஊரைச் சுற்றினாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். வண்டி இல்லாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. அதனால்தான் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பட்டப்பெயர் சோப்பு. கழற்றிய பொருள் குப்பைக்கே போவதானாலும் கழுவித் துடைத்துத்தான் கீழே வைப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பழந்துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“புதுசாடா?”

“புதுசு இல்லக்கா, புதுப்பிச்சது. உள்ள எல்லாம் மாத்தி, வெளிய அதே கூடு. பழசக் கடைக்குத் திருப்பிக் குடுத்துடணும்.”

பேட்டரியைக் கழற்றி முன்னறையில் சார்ஜரில் மாட்டினான். எந்த வண்டியிலும் முதல் வேலை அதுதான். ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் தப்பித்தவறி இரும்பில் பட்டால் பொறி பறந்துவிடும். பிறகு ஜாக்கி போட்டு, வண்டிக்கு அடியில் முக்காலிகளை முட்டுக் கொடுத்து, வலது முன்சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்துக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் தடுப்பையும் எடுத்த பின்தான் பழைய ஆல்டர்னேட்டர் கண்ணுக்குத் தெரிந்தது. இன்ஜினுக்குப் பின்னால், அடியில், சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது.

“இத இங்க வெச்சவன் கையில கெடச்சா...”

“கெடச்சா அவனையும் கழுவுவ.”

பெல்ட்டைத் தளர்த்தினான். கீழ் போல்ட் முரண்டு பிடித்து, கிறீச்சென்ற சத்தத்தோடு வழிக்கு வந்தது. மேல் போல்ட்தான் வம்பு. அது எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியவில்லை. தம்பியின் கை மணிக்கட்டோடு சிக்கிக்கொண்டது.

“நீ வா. உன் கைதான் ஒல்லி.”

அக்கா பாயில் சாய்ந்து கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். தோலுக்கு அடியில் இருக்கிற மூட்டை விரலால் தேடுவது அவளுக்கு அன்றாட வேலை. குழாயைத் தாண்டி, ஒரு முடிச்சுபோல போல்டின் தலை தட்டுப்பட்டது. ஸ்பேனரைக் கால் சுற்றுக்குமேல் திருப்ப இடமில்லை. திருப்பி, எடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி திருப்பி என்று தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆன பிறகு அது கையோடு வந்தது.

வெளியே எடுப்பது இன்னொரு கூத்து. ஒரே ஒரு கோணத்தில்தான் அது வரும். “தலை திரும்பிடுச்சு, சிசேரியன்தான்” என்றான் தம்பி. கடைசியில் கறுப்பெண்ணெய் பூசிய முகத்தோடு அதை இழுத்து வெளியே போட்டான்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரேடியோல ஒரு சத்தம் வரும்டா. வண்டியோட சேந்து ஏறி எறங்கும். அதுவும் இதனாலயா?”

“ஓ, வந்துச்சா? அப்ப டயோடு போயிருக்கும்.” தம்பிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “பெல்ட் இதச் சுத்துதா, உள்ள உண்டாகிற கரண்ட் முன்னயும் பின்னயும் அலையடிக்கும். பேட்டரிக்கு அலை ஆகாது, ஒரே பக்கமா போகணும். நீ சொல்லுவியே, கால் ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் திரும்பிக் கீழ எறங்காம சின்னச் சின்னக் கதவு இருக்குன்னு? அதே மாதிரி கதவுதான் டயோடு. ஒண்ணு உடஞ்சா அலை உள்ள கசியும். அதத்தான் ரேடியோ முனகலாக் காட்டும்.”

“மாத்திட்டா?”

“சுத்தமா நின்னுடும்.”

அக்கா எழுந்து போய்க் கை கழுவினாள். சோப்பு போட்டுத் தேய்த்தும் கை வெளுக்கவில்லை. திரும்பி வரும்போது தம்பி தன் குணத்தைக் காட்டியிருந்தான். பழைய ஆல்டர்னேட்டரைப் பெட்ரோலும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு பளபளவென்று தேய்த்து, அதே பழந்துணியில் புதுப்பித்ததன் பக்கத்திலேயே வைத்திருந்தான். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் கிடந்தன.

அவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, கையுறை மாட்டிய கையை வெளியே நீட்டினான். “குடுக்கா.”

அக்கா குனிந்து ஒன்றைத் தூக்கினாள். பெட்ரோல் காய்ந்துகொண்டிருந்த இரும்பு விரலில் சில்லென்று பட்டது. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தெரியும். எது பழையது என்பதும் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.  அதையே அவன் கையில் வைத்தாள்.

எல்லாம் மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பேட்டரியைப் பொருத்தியதும் அக்கா சாவியைத் திருகினாள். இன்ஜின் பிடித்தது. சிவப்பு விளக்கு அணையவில்லை. ரேடியோவிலிருந்து முனகல் வந்தது.

ஜன்னலில் குனிந்திருந்த தம்பி அப்படியே நின்றான். அக்கா ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாள். முனகல் ஏறி, தயங்கி, இறங்கியது.

“மாமா...” என்றான், தன்னை அறியாமல். பிறகு துணியில் கிடந்ததைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. “அடப்பாவி, பழசையே மாட்டிட்டேனா? நீதான எடுத்துக் குடுத்த?”

“ஆமா.”

“தெரிஞ்சேவா?”

“சில்லுனு இருந்துச்சுடா.”

அவன் ஸ்பேனரைத் தரையில் போட்டான். கத்தப்போகிறான் என்று அக்கா நினைத்தாள். அவனோ சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

“சக்கரம் எல்லாம் இறுக்கியிருக்கேன். ஓட்டு. பேட்டரி தாங்குற வரைக்கும் போலாம்.”

சுற்றினார்கள். பூட்டிய கடைகள், பள்ளிக்கூட மதில், தண்ணீர்த் தொட்டி. இருட்டியதால் விளக்கைப் போட வேண்டியதாயிற்று. வருகிற கரண்டைவிடச் செலவாகிற கரண்ட் கூடியது. “இங்க ஒசத்து” என்று மட்டும் தம்பி ஒரு தடவை சொன்னான். அக்கா உயர்த்தினாள். முனகலும் உயர்ந்தது. அவன் கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டான்.

முதலில் ரேடியோ செத்தது. பேச்சின் நடுவில் வாயைப் பொத்தியதுபோல் நின்றது. பின்பு விளக்கு மங்கியது. கடைசியில் பெட்ரோலை மேலே ஏற்றும் பம்புக்கும் வலுவில்லாமல் போய், இன்ஜின் குலுங்கி அடங்கியது.

“முடிஞ்சுது” என்று தம்பி இறங்கினான். “ஸ்டியரிங்கப் பிடி. நான் தள்றேன்.”

உயிரில்லாத வண்டி மெல்ல நகர்ந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. அப்போது அந்த முனகல் கேட்டது.

அக்கா ரேடியோவைப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. பேட்டரியில் ஒரு சொட்டுக் கரண்ட் கிடையாது. ஆல்டர்னேட்டர் சுற்றவில்லை. டயர் சத்தமோ? இந்த நடைவேகத்தில் டயர் பேசாது. காற்றோ? மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. பின்னால் தள்ளுகிறவன்தான், அவனுக்கும் அந்த முனகல் பழக்கம்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டுத் தெரு முனை வந்தது. முனகல் நின்றது. வண்டி திரும்பியதும் மறுபடி தொடங்கியது.  அவள் புருஷனும் திருப்பங்களில் அப்படித்தான் செய்வார். முனகலை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பிய பிறகு விட்ட இடத்தில் தொடருவார். ரேடியோ ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

வாசலில் வண்டி நின்றது. சத்தம் இல்லை. தம்பி முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“ஏண்டா, தள்ளும்போது முனகிட்டே வந்தியா?”

“நானா? மூச்சு விடவே வழியில்ல, இதுல முனகல் வேறயா?” நிமிர்ந்தான். “நீ முனகுறேன்னு நெனச்சுதான் நான் பேசாம தள்ளிட்டு வந்தேன்.”

அக்கா இறங்கினாள். இருவரும் குனிந்து காலியாகக் கிடந்த பக்கத்து சீட்டைப் பார்த்தார்கள்.

“நாளைக்கு மாத்திக்கலாம்கா” என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி.

“வேணாம், இப்பவே மாத்திடலாம். காலைல எனக்கு வேலை இருக்கு.” அக்கா டார்ச்சைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பாயை வண்டியின் ஓரமாக விரித்துப் படுத்தாள். “பேட்டரி வயரக் கழட்டிட்டு ஜாக்கியப் போடு. மேல் போல்ட்ட நானே எடுக்கறேன்.”