அண்ணன் கொண்டுவந்த பாட்டில்

தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பவரே எடுக்கக் கூடாது என்பது அவள் வேலை பார்க்கும் தண்ணீர் ஆய்வுக்கூடத்தின் விதி. எந்தப் புண்ணியவான் யோசித்த விதியோ! அதனால்தான் தன் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் பொதுவான கிணற்றிலிருந்து அவனை எடுத்துவரச் சொன்னாள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசச் சொல்லிக்கொடுத்தாள். அவனும் சமர்த்தாகக் கொண்டுவந்தான். நைட்ரேட் என்கிற உர உப்பு துளியும் இல்லை. வயலுரம் இறங்கிச் சுற்றுவட்டக் கிணறெல்லாம் கெட்டுக்கிடக்க, நம் கிணறு தப்பித்ததே என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் தன் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலந்தாள்.

ஒருநாள் உப்பு அளக்கும் மீட்டர் மக்கர் செய்தது. சரிபார்க்க, ஆய்வுக்கூட ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த அண்ணனின் பாட்டிலில் முக்கினாள். உப்பே இல்லை என்றது. இன்னொரு மீட்டரும் அதையே சொன்னது. வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருப்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இது கிணற்றுத் தண்ணீரே இல்லை. உப்பு நீக்கிக் கடையில் விற்கும் கேன் தண்ணீர்.

பகலில் குழந்தை இருப்பது அண்ணன் வீட்டில். ஓட்டமும் நடையுமாகப் போனாள். அண்ணன் வாசலில் தக்காளிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அந்தப் பாட்டில்ல எந்தத் தண்ணிய ஊத்தினே?”

மழுப்பப் பார்த்தான். பிறகு குரல் இறங்கியது. “கிணறு கெட்டுப்போச்சுன்னு நீ எழுதிட்டா அந்தத் தண்ணியில வெளையற என் காய்கறிய எவன் வாங்குவான்? பொழப்பே போயிடும்மா.”

“என் புள்ள குடிக்கிற தண்ணிண்ணே அது!”

“நீதான் கொதிக்கவெச்சுக் குடுக்கிறியே.”

“கொதிச்சா கிருமி சாகும். உர உப்பு சாகுமா? தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும். ரத்தத்துல பிராணவாயு கொறஞ்சு புள்ள உதடு நீலம் பூத்துடும்ணே!”

உள்ளே அண்ணி பால் கலக்கிக்கொண்டிருந்தாள். “இங்க இருக்கிறப்போ நான்தான் கலப்பேன், நீ ஒண்ணும் கொண்டுவராதே” என்று முதல் நாளே அடம்பிடித்தவள். அதைப் பாசம் என்று இவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இப்போது அண்ணியின் கையில் அதே கடைக் கேன் சாய்ந்திருந்தது.

“ராத்திரி என் வீட்டுல புள்ள எந்தத் தண்ணியக் குடிப்பான்னு நெனச்சீங்க அண்ணி?”

அண்ணி கேனை நிமிர்த்திவைத்து மூடினாள்.

குழந்தையை வாரியெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டைப் பார்த்தாள். நீலமா, நிழலா என்று அவளுக்குப் புரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர்.

அண்ணன் வண்டிச் சாவியோடு பின்னாலேயே ஓடிவந்தான். “ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோய் விடறேம்மா. என்னை நம்பு.”

அவள் தெருவில் இறங்கி, யாரென்றே தெரியாத ஒருவரின் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள்.