கதவோரம் குவித்த உப்பு

1

கிட்ட வந்து உட்காருங்கள் தாயீ. தறி ஓடுகிற வீடு இது. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதையைச் சத்தம் தின்றுவிடும். எங்கள் வீட்டுக்காரர் ஜெர்மனிக்குப் போய்ப் பச்சைமீன் கடை தேடிய கதையைச் சொல்லப்போகிறேன். சிரித்துக்கொண்டே கேட்கலாம். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், இப்போது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். போன தையில் ஊர் திரும்பியவர், புரட்டாசி பிறந்தும் அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. முன்கூடத்தில், எங்கள் பேச்சில் பட்டாசல், அங்கே தனித் தட்டில் சாப்பிட்டார். சாமியை நிலைக்கு வெளியே நின்று கும்பிட்டார். கேட்டால் முட்டுவலி என்றார். நாங்கள் சைவக்காரர்கள். நாற்பத்தாறு வருஷம் அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு, நான் பரிமாறப் பரிமாற ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லிச் சாப்பிட்ட மனுஷன் அவர்.

அவரை உள்ளே கூப்பிடத்தான் நோட்டை எடுத்தேன். நேருக்கு நேர் கேட்க வாய் வரவில்லை. கதையாகச் சொல்ல வரும். தறி நாடாவுக்குத் தார் நூல் சுற்ற வருகிற பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் அதைத்தானே செய்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் போயிற்று.

"டுசல்டார்ஃப் நகரத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. ஆற்றங்கரையில் ஒரு—"

(விட்டுவிட்டேன். நான் பார்த்த பனியெல்லாம் மார்கழி விடியற்காலையில் கோவில் வாசல் கோலத்தின் மேல் இறங்குகிற பனிதான். கட்டியாக விழுகிற பனிக்கு என்னிடம் வார்த்தை இல்லை.)

"சங்கரன்கோவிலில் ஆவுடையப்பன் என்று ஒரு நல்ல மனுஷர் இருந்தார்."

(அடித்துவிட்டேன். பெண்டாட்டி சொல்கிற சாட்சி எந்தக் கோர்ட்டில் செல்லும்?)

"பன்னிரண்டு தறி நின்றுபோயிருந்தது."

இது இருக்கட்டும். இது உண்மை. நான்கு மாதம் எங்கள் தெருவில் காக்கை கரைவது கேட்டது. நெய்த தோள் துண்டு கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடந்தது, வாங்க ஆளில்லை. கடையநல்லூர் முகம்மது ஹுசைன், எங்களுக்கு நூல் போடுகிறவர், ஒரு யோசனை கொண்டுவந்தார். ஜெர்மனியில் ஜவுளிக் கண்காட்சி. கொஞ்சம் துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம் என்று. வளையலை விற்றுத்தான் டிக்கெட். அது இந்தக் கதையில் வராது.

கண்காட்சியில் ஹிராயாமா என்று ஒரு ஜப்பான் வியாபாரி துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். போகிற போக்கில், ஊரைவிட்டுக் கிளம்பி மூன்று நாளாக ரொட்டியும் கிழங்கும் தின்று வயிறு காய்ந்துபோயிற்று என்றாராம். பசி என்று ஒருத்தர் சொன்னால் எங்கள் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா?

"நாளைக்கு மத்தியானம் ஒங்க ஊருச் சாப்பாடுதான். நான் கூட்டிட்டுப் போறேன். ஹுசைன், இங்கிலீசுல சொல்லும்வே."

ஹுசைன் சொல்லிவிட்டு, இவர் காதுக்குள் கேட்டாராம்: "அண்ணாச்சி, நமக்கு இங்கன ஒரு காப்பிக்கடை தெரியுமா?"

3

சூசி* என்பதுதான் அவர்கள் ஊர்ச் சாப்பாடு. ஹுசைன் குவைத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்தபோது அவர்களோடு உட்கார்ந்து தின்றிருக்கிறார். ஆகவே நாக்கு ஹுசைனுடையது, வாக்கு இவருடையது.

(*புளிப்புக் காடி தெளித்த சோற்றை விரல் நீளத்துக்குப் பிடித்து, மேலே பச்சைமீன் துண்டு ஒன்றை வைப்பது. சோறு வரைக்கும் எனக்குப் புரிகிறது. மேலே இருப்பதை எழுதி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டேன்.)

ஹோட்டல்காரன் சொன்ன முதல் கடையில் சிவப்பு விளக்கும் நெருப்புக் கக்குகிற பாம்புப் படமும் இருந்தன. இவர் வெறும் தண்ணீரோடு உட்கார்ந்திருக்க, ஹுசைன் ஒரு வாய் வைத்தார்.

"எப்படிவே?"

"எலுமிச்சஞ்சோத்து மேல கருவாடு வச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி. வாங்க போவோம்."

தெருவில் நின்று யோசித்தார்கள். நம் ஊரில் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? பஸ் டிரைவர் எங்கே நிறுத்துகிறானோ அங்கே. அந்த ஊர் டிரைவர் எங்கேயும் இறங்கிச் சாப்பிடவே இல்லை. அப்போதுதான் இவர் தரையைப் பார்த்தார். ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் உப்பு சிதறிக் கிடந்தது.

"வே ஹுசைன், இங்கன பாரும்! உப்பு சுத்திப் போட்டுருக்கான். கண்ணு பட்டிருக்கு. யாவாரம் ஓடக்கண்டுதான கண்ணு படும்? இதான் கடை."

உள்ளே போனார்கள். சோற்றோடு முள்கரண்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. வெளியே வந்தால் அடுத்த மருந்துக்கடை வாசலிலும் உப்பு. அதற்கடுத்த பேங்கு வாசலிலும் உப்பு.

"பேங்குக்குமா அண்ணாச்சி கண்ணேறு?"

ஒரு ஆள் வாளியிலிருந்து உப்பை அள்ளி விதைப்பு போலத் தெரு நீளத்துக்கும் எறிந்துகொண்டு வந்தான். பனி இளகுவதற்காம், வழுக்காமல் இருப்பதற்காம். ஹுசைன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு தறி ஞாபகம்.

மறுநாள் பதினோரு மணி வரைக்கும் நடந்தார்கள். ஒரு சந்துக்குள், போர்டு இல்லாத ஒரு மரக்கதவு. அதற்கு மேல் பாதி வரைக்கும் தொங்குகிற நீலத்துணி. நிலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சின்னத் தட்டில் கட்டைவிரல் உயரத்துக்குக் குவித்த உப்பு. கோபுரம் மாதிரி.

"அண்ணாச்சி, மறுபடியும் உப்பா? நேத்துப் பட்டது போதாதா?"

"இல்லவே. அது எறிஞ்ச உப்பு. இது வச்ச உப்பு. கையால பிடிச்சு வச்சிருக்கு பாரும். தெனமும் குளிச்சிட்டு வந்து யாரோ வைக்காக. இந்த வீட்டுல சோத்துக்கு மரியாதை இருக்கும்."

உள்ளே செருப்புகளை வரிசையாகக் கழற்றி வைத்திருந்தார்கள். பலகைக்குப் பின்னால் நின்ற சமையல்காரர் தலையில் ஒரு துண்டை முறுக்கிக் கட்டியிருந்தார், நம் சந்தை மூட்டைக்காரர் மாதிரியே. ஹுசைன் ஒன்று தின்றார். இன்னொன்று தின்றார்.

"அண்ணாச்சி, இதான்."

4

(இங்கே ஒரு சந்தேகம். ஹிராயாமாவை நான் ஒல்லியாக எழுதி வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரரோ குண்டு ஆள் என்கிறார், தங்கப்பல் வேறு என்கிறார். பசித்த மனுஷர் ஒல்லியாக இருந்தால்தானே உங்களுக்கு இரக்கம் வரும்? ஆனாலும் குண்டாகவே விட்டுவிடுகிறேன். குண்டானவருக்கும் பசிக்கும்.)

மத்தியானம் ஹிராயாமா அந்த வாசலில் வந்து நின்றார். உப்பைப் பார்த்தார். கும்பிடுகிற மாதிரி அப்படியே குனிந்தார். நிமிர்ந்தபோது தங்கப்பல் தெரிந்தது. உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். பிறகு சமையல்காரரின் தலைத்துண்டைக் காட்டினார், எங்கள் துண்டைத் தொட்டார், தலையை ஆட்டினார். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம்.

அப்போது சமையல்காரர் ஒன்றைப் பிடித்து, தட்டுகூட இல்லாமல், கையாலேயே எங்கள் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார். மூன்று பேரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவர் கையை நீட்டி—

கையை நீட்டாமல்—

இந்த இடத்தை வாசித்தபோதுதான் தார் சுற்றுகிற தங்கப்பழம் ராட்டையை நிறுத்திவிட்டாள்.

"பெரியம்மா, பெரியப்பா தின்னாகளா, இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க."

"தெரியலட்டி."

"கதை எழுதுதது நீங்க. ஒங்களுக்கே தெரியலையா?"

ஹுசைனைக் கேட்டுப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டே, "மதினி, நான் என் தட்டப் பாத்துச் சாப்பிட்டவன்" என்றார். அல்லா அவரை நல்லபடியாக வைக்கட்டும்.

5

போன வாரம் அடுப்பில் ரசம் நுரை கூடி வருகிற நேரம், நோட்டை மடியில் வைத்து உரக்க வாசித்தேன். பட்டாசலில் இவர் பனைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டது. அப்படியென்றால் என் சத்தமும் அவருக்குக் கேட்கும்.

"முதல் முடிவு. சமையல்காரர் விஷயம் புரிந்து, மீனை எடுத்துவிட்டு ஒரு துண்டு வெள்ளரிக்காய் வைத்தார். அதை இவர் தின்றார்."

விசிறி வீசிக்கொண்டிருந்தது.

"இரண்டாம் முடிவு. தறியையும் தறிக்காரர்கள் வீட்டு அடுப்பையும் நினைத்து, மருந்து மாதிரி விழுங்கினார்."

வீசிக்கொண்டிருந்தது.

"மூன்றாம் முடிவு. தின்றார். நன்றாக இருந்தது."

விசிறி நின்றது.

அதற்கு மேல் நோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெறும் தாளைப் பார்த்து வாசித்தேன்: "அவர் பெண்டாட்டிக்கு இதில் எது நடந்திருந்தாலும் சம்மதம். அவர் தனியாகச் சாப்பிடுவதுதான் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை."

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வைகாசியில் ஹிராயாமாவின் ஆர்டர் வந்ததிலிருந்து பன்னிரண்டுக்கும் ஓய்வில்லை. பிறகு பட்டாசலில் செருமுகிற சத்தம். நிலைப்படியில் ஒரு நிழல். முட்டுவலிக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார், சுவரில் சாத்தியிருந்த பலகையை எடுத்துப் போட்டார், உட்கார்ந்தார். நான் இலையைப் போட்டு, சோறு வைத்து, ரசத்தை ஊற்றினேன். ஒரு வாய் எடுத்தார்.

"ரசத்துல உப்பு கம்மி."

"இன்னைக்குக் கை மறந்துட்டு."

"இன்னைக்கா? எட்டு மாசமா கம்மிதாம்ட்டி. பட்டாசல்ல இருந்துக்கிட்டு எப்படிச் சொல்ல?"

நான் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன். புகை என்று எழுதலாம். கேஸ் அடுப்பு அது.

6

மூன்றில் எது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இனிக் கேட்க மாட்டேன். நோட்டில் மூன்றும் அடிபடாமல் இருக்கின்றன. தங்கப்பழம் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டாள். ஹுசைன் கேட்டுவிட்டு முகட்டைப் பார்த்தார். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அடுப்படியில் அந்தப் பலகை போட்டபடியேதான் இருக்கும்.

நேரமாயிற்று, எழுந்திருங்கள் தாயீ. உங்கள் வீட்டில் உப்புச் சட்டி வற்றாமல் இருக்கட்டும். கூடினாலும் குறைந்தாலும் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். நல்லா இருங்க, எல்லாரும்.