பெட்டியில் இருந்த தோடு

மாடு கொட்டகையில் செத்துக் கிடந்தது. அதன் தோடு டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

அருணாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போளூரில் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு, ஜமுனாமரத்தூரில் இறங்கி, பாதி தூரம் ஷேர் ஆட்டோ, மீதி தூரம் நடை என்று அவள் வந்தது ஒரே ஒரு போட்டோவுக்காக. செத்த மாட்டின் முகம், காதில் மஞ்சள் பிளாஸ்டிக் தோடு, தோட்டில் எண். மூன்றும் ஒரே படத்தில் விழுந்தால் இன்சூரன்ஸ் பணம் வரும். காதில் தோடு இல்லையென்றால் வராது.

மாட்டுக்காரி ஜெயம்மாள் பெட்டியைத் திறந்து, ரேஷன் கார்டுக்கும் ஆதார் கார்டுக்கும் நடுவிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தாள். "பாரு, நம்பர் ஒண்ணுகூட அழியல."

"இத ஏம்மா காதுலேர்ந்து எடுத்தீங்க?"

"நீதான கண்ணு சொன்ன? தோடு தொலஞ்சா பணம் கெடையாது, கண்ணு மாதிரி காப்பாத்துங்கன்னு மைக்கப் புடிச்சிகினு கத்துனியே."

கத்தியது உண்மைதான். மூன்று மாதம் முன்னால் இதே ஊரில் நடந்த மாட்டு இன்சூரன்ஸ் முகாமில், ஒவ்வொரு மாட்டுக்கும் தோடு குத்தக் குத்த, அருணா அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"காப்பாத்தணும்தான். ஆனா காதுலயே இருக்கணும்மா."

"அத நீ சொல்லலியே?"

சொல்லவில்லை. காதில் குத்திய தோட்டைக் கழற்றாதே என்று சொல்லவேண்டி வரும் என்று யார் கண்டது?

"புதர் புதரா பூந்து மேயற மாடு" என்றாள் ஜெயம்மாள். "முள்ளு மாட்டி ஒரு இழு இழுத்தா காதோட பிச்சிகினு பூடும். நாங்க நெல்லிக்கா பொறுக்கப் போனாலே எங்க தோட்டக் கழட்டிப் பொட்டியில வெச்சிட்டுத்தான் போவோம். மாட்டுக்கு மட்டும் வேற சட்டமா? பிளேடால பின்னாடி பட்டன அறுத்து நைசா எடுத்துட்டேன். ஒரு சொட்டு ரத்தம் வர்ல."

"நீங்க மட்டுமா? ஊர்ல எல்லாருமா?"

"முப்பத்தெட்டு மாடும். மொதல்ல கழட்டினது நான்தான், என்னப் பாத்துதான் மத்தவங்க" என்றாள் ஜெயம்மாள், பெருமையாக.

வெளியே அவள் புருஷன் குப்பன் குழி வெட்டிக்கொண்டிருந்தான். வயிறு உப்பிச் செத்ததாக மாட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. போட்டோ எடுத்ததும் புதைக்க வேண்டியதுதான்.

அருணா சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறி மோகனுக்குப் போன் போட்டாள். மோகன் இன்சூரன்ஸ் கம்பெனியின் போளூர் கிளையில் கள அதிகாரி. அவள் ஓராண்டு அப்ரண்டிஸ். ஏழு மாதம் முடிந்துவிட்டது. இதுவரை கற்றுக்கொண்டது, வந்த தபாலுக்கு சீல் வைப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, மோகனுக்குப் பதிலாக மலையேறுவது. முகாம் நடந்த அன்றும் அவர் அடிவாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மறுநாள் முகாம் அறிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டார்.

"காதுல இல்லியா? அப்ப ரிஜெக்ட்" என்றார் மோகன். "தோடு காணலன்னு எழுதிட்டு வா."

"காணாமப் போகல சார். கையில வெச்சிருக்காங்க. நான் சரியா சொல்லாததால…"

"நீ யாரு சொல்றதுக்கு? டிரெய்னி. உனக்குத் தப்பு பண்ணவே அதிகாரம் இல்லம்மா. மூணு மணி பஸ்ஸ விட்டுடாத."

போன் வைத்த பிறகும் அவள் பாறையிலேயே நின்றாள். காலுக்குக் கீழிருந்த பாறையை உதைக்க வேண்டும் போலிருந்தது. உதைத்தால் கால்தான் போகும். முகாம் நடத்த அவள் வேண்டும். ரிப்போர்ட் எழுத அவள் வேண்டும். உண்மையை எழுத மட்டும் அவள் யாரோ.

திரும்பி வந்தபோது ஜெயம்மாள் மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து, தோட்டைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இப்டியே புடிச்சிக்கிறேன். கை தெரியாம எடுத்துடு."

"கை தெரியட்டும்மா" என்று சொல்லி அருணா அப்படியே எடுத்தாள். செத்த மாடு, மஞ்சள் தோடு, அதைப் பிடித்திருந்த காய்ப்பு ஏறிய விரல்கள். பிறகு பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தாள். "இப்ப ஒரு பிராது எழுதணும். நான் சொல்றேன், நீங்க கையெழுத்து போடுங்க."

"யார் மேல?"

"என் மேல. முகாம்ல வந்த பொண்ணு அரைகுறையா சொன்னதால கழட்டிட்டோம், அதிகாரி யாரும் வர்லன்னு."

"இன்னாடி இது கூத்து! உன் மேலயே பிராது எழுதச் சொல்றியா? உன் வேலை பூடாதா?"

"இது வேலையே இல்லம்மா. பயிற்சி."

மறுநாள் காலை கிளையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள் அருணா. தபால் பதிவேட்டைத் திறந்தாள். ஜெயம்மாளின் மனு, கை தெரியும் போட்டோ, முகாமன்று தோடு காதில் இருக்க எடுத்த போட்டோ, டாக்டர் சான்று. பதிவு எண் 1147. சீலை மையில் ஒற்றி, ஓங்கி ஒரு குத்து.

பதிவேட்டில் ஏறிவிட்ட மனுவை யாரும் கிழித்துப் போட முடியாது. பதில் எழுதியாக வேண்டும். நகல் மண்டல அலுவலகத்துக்கும் போக வேண்டும். ஏழு மாதமாகச் சீல் குத்திக் குத்திக் கை வீங்கியதில் அவள் கற்ற ஒரே விஷயம் அது.

பதினோரு மணிக்கு மேனேஜர் சரவணகுமார் அவளையும் மோகனையும் உள்ளே கூப்பிட்டார்.

"உன் மேல வந்த புகாருக்கு நீயே சீல் வெச்சியா?"

"வந்த தபால் எதையும் விடாம ஏத்தணும்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"எனக்கே திருப்பிச் சொல்றியா?" அவர் மனுவை இன்னொரு முறை படித்தார். 'அதிகாரி யாரும் வரவில்லை' என்ற வரியில் அவர் விரல் நின்றது. பழைய கோப்பிலிருந்து முகாம் அறிக்கையை எடுத்தார். கீழே மோகனின் கையெழுத்து, வாலை நீட்டிக்கொண்டு.

"மோகன், அன்னிக்கு எங்க இருந்த?"

"சார், அது வந்து… மச்சான் வூட்டுக் கல்யாணம்."

"ரிஜெக்ட் பண்ணா அந்தம்மா மண்டல ஆபீசுக்கு எழுதும். மேல இருக்கறவங்க முதல்ல கேக்கறது டிரெய்னிய ஏன் தனியா அனுப்புனேன்னுதான். நீ பதில் சொல்வியா, நான் சொல்லணுமா?"

சரவணகுமார் பேனாவைத் திறந்தார். 'தோட்டின் எண் பழைய போட்டோவுடன் ஒத்துப்போகிறது. விளக்கக் குறைபாடு அலுவலகத்தினுடையது. வழங்கப் பரிந்துரைக்கிறேன்.' எழுதி முடித்ததும் அருணாவைப் பார்த்தார். "பணம் அந்தம்மாவுக்குப் போய்ச் சேந்துடும். ஆனா நீ இனிமே மலைக்குப் போவ வேணாம். மிச்ச அஞ்சு மாசமும் இங்கயே உக்காந்து சீல் வை."

அருணாவுக்கு வாய் வரை வந்தது. தப்பைச் சொன்னதற்கு அவளுக்குத் தண்டனை, கல்யாணத்துக்குப் போனவருக்கு ஒன்றுமில்லை. அதை விழுங்கிக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"மீதி முப்பத்தேழு மாட்டுத் தோடும் பொட்டியிலதான் சார் இருக்கு. புதுசா யாரு குத்துவாங்க?"

சரவணகுமார் மெதுவாக மோகன் பக்கம் திரும்பினார்.

வெளியே வந்ததும் மோகன் அவள் மேஜையருகே நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு?"

"விடியக்காலையில ஒண்ணுதான் சார். உக்கார இடம் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, அருணா அடுத்த தபாலுக்குச் சீலை எடுத்தாள்.