ஷிப்டுக் கணக்கு

நம்பிராஜன் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. மட்டையைப் பிடித்தால் வந்த வேகத்தில் போல்டு ஆகிற ரகம். ஆனால் அடுத்தவன் ஆட்டத்தைப் பிரித்து மேய்வதில் ஒரகடம் வட்டாரத்திலேயே அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் அச்சாகிற 'பேட்டை முரசு' என்ற நாலு பக்க வாரப் பத்திரிகையில் 'ஷிப்டுக் கணக்கு' என்று எழுதிக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் வடக்குப்பட்டு மைதானத்தில் கம்பெனி அணிகள் மோதுகிற டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான் விஷயம். எவன் எத்தனை ரன் எடுத்தான் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்த ஷிப்டு பார்த்துவிட்டு வந்து எடுத்தான் என்று எழுதியவன் இவன் ஒருத்தன்தான். நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவன் அடிக்கிற சிக்ஸரும், நைட் முடித்துக் கண் எரிய நிற்பவன் அடிக்கிற சிக்ஸரும் ஒன்றா என்று கேட்பான். அதானே, ஒன்றா என்ன?

கம்பெனிப் பையன்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். பிள்ளைப்பாக்கத்தில் கோதண்டத்தின் டீக்கடைதான் அவர்களுக்குச் சபை. யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்டு என்கிற விவரமெல்லாம் அவர்களே வந்து கொட்டுவார்கள். அதில் முதல் ஆள் அந்தோணிராஜ். நம்பிராஜனின் அறைத்தோழன். கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் மூன்று வருஷமாகக் கான்டிராக்ட். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக்குகிற பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அதை நினைத்துத் தூக்கத்தில்கூடச் சிரிப்பான், பாவி.

அதே கம்பெனி அணியின் பந்து வீச்சாளன் முப்பிடாதி. அவனுக்குச் சனிக்கிழமை நைட் விழுந்துவிட்டால் மறுநாள் கை தூக்காது. அதனால் பையன்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அந்தோணிராஜ் தன் ஷிப்டு முடிந்தும் வெளியே வரமாட்டான். முப்பிடாதியின் வருகைக் கார்டை மெஷினில் அடித்துவிட்டு, அவன் இடத்தில் விடியவிடிய நிற்பான். தொப்பியும் முகமூடியும் போட்டுவிட்டால் லைனில் யார் முகம் தெரிகிறது? முப்பிடாதி தூங்கி எழுந்து வந்து விக்கெட்டுகளை அள்ளுவான். இதையும் நம்பிராஜன் 'பேட்டை முரசு'வில் ஜாடையாக எழுதினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆபீஸ்காரர்கள் எவரும் அதைத் தொட்டதில்லை. பஜ்ஜி மடிக்கிற பேப்பர் என்று அவர்களுக்கு நினைப்பு.

இப்படி இருக்கையில் சென்னை நாளேடு ஒன்று அவனைக் கூப்பிட்டது. புறநகர் விளையாட்டுக்கென்று தனிப்பக்கமாம், சென்னைக்கே வந்து தங்கி வெள்ளிதோறும் எழுத வேண்டுமாம். செய்தி கேட்டதும் கடையில் பாதிப் பேர் முகம் தொங்கிப்போனது.

"இன்னா சார், பெரிய பேப்பரு கெடச்சதும் நம்மள அம்போன்னு வுட்டுட்டுப் போறியே. இனிமே முரச எவன் வாங்குவான்?" என்றான் கோதண்டம்.

அந்தோணிராஜ்தான் பாய்ந்து வந்தான். "நம்ம பய மேல போறாம்லா. வாயார வாழ்த்துங்கலே! நம்ம முப்பிடாதி பேரு மெட்ராஸ் முழுக்கத் தெரியப்போகுது, பாத்துக்கிடுங்க."

முதல் கட்டுரையிலேயே அசத்திவிட வேண்டும் என்று நம்பிராஜனுக்கு ஆசை. பழைய எழுத்திலிருந்து நல்லதாகப் பொறுக்கினான். நைட் பார்த்துவிட்டு வந்தால் முப்பிடாதி எப்படி அடி வாங்குகிறான், "அவருக்காக ஒரு நண்பர் இரவெல்லாம் லைனில் நிற்கிற வாரங்களில்" எப்படிச் சாய்க்கிறான் என்று அட்டகாசமாக ஒரு பத்தி. அந்தப் பத்தியை ஆசிரியரே வாய்விட்டுப் பாராட்டினார். எழுதிய கைக்கு உறுத்தவே இல்லை. இத்தனை நாள் சிரித்துப் படித்த சங்கதிதானே?

வெள்ளிக்கிழமை கடையில் இருந்த பேப்பர் அத்தனையும் பையன்களே வாங்கிவிட்டார்கள். ஒன்றைச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த வாரம் கோதண்டம் போன் பண்ணினான். "அந்தோணிய வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க சார். கார்டு மாத்தி அடிச்ச மேட்டரு எப்டியோ மேல பூட்சி. எல்லாம் என் தப்புதான்னு அவனே ஒத்துக்கினான். முப்பிடாதிய வார்னிங் குடுத்து வுட்டுட்டாங்க."

எப்படியோவா? அடப் பாவி, அடப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு நம்பிராஜன் பஸ் ஏறினான். வழியெல்லாம் அந்தப் பத்தியே கண்ணில் நின்றது.

கடைக்குள் நுழைந்ததும் கைதட்டினார்கள். அதைத் தாங்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

"வா சார்! ஒனக்காகத்தான் வெய்ட்டிங்," என்றான் கோதண்டம். "எவனோ போட்டுக் குடுத்துகிறான். சூப்பர்வைசர் மேலதான் பசங்களுக்கு டவுட்டு. நீ பேப்பர்ல அவன நாறடிக்கணும்."

நம்பிராஜன் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து அந்தோணிராஜ் தோளில் பையோடு வந்து நின்றான். ஊருக்குக் கிளம்பிவிட்டான். "வாடே, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கடை மறைகிற தூரம் வந்ததும் நம்பிராஜன் உடைந்துபோனான். "அந்தோணி, நாந்தாம்ல..."

"தெரியும். விசாரணையில அந்தப் பேப்பரத்தான் எம் முன்னால விரிச்சாவ. அந்தப் பத்திக்குக் கீழ கோடு போட்டிருந்துச்சு." அந்தோணிராஜ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "ஆபீசருக்குக் கிரிக்கெட்டுன்னா உயிராம்லா. 'எழுதினவன் கணக்கு கனகச்சிதம்ப்பா'ன்னு உன்னைய வேற மெச்சுதாரு."

"என்னைய அடிச்சிருல. இப்பவே கடையில போய் எல்லாத்தையும் சொல்லிருதேன்."

"வாய மூடு." இத்தனை வருஷத்தில் அந்தோணிராஜ் அவனிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. "எம் பொழப்புதான் போச்சு. அந்தப் பயலுவளுக்குன்னு பேப்பர்ல ஒரு எடம் கெடச்சிருக்கு. சுவத்துல ஒட்டிவச்சுத் தெனமும் பாக்கானுவ. நீ போய்ச் சொன்னா அதக் கிழிப்பானுவ. ஒனக்கு மனசு லேசாவும். அவனுவளுக்கு என்னடே மிஞ்சும்? சொமந்துக்கிட்டே கெட."

பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறியவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நம்பிராஜன் கடைக்குத் திரும்பி வந்தபோது முப்பிடாதி காத்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. அழுதானோ என்னவோ.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழம பைனல். இந்த வாரம் எனக்கு நைட்டு," என்றான். "எனக்குப் பதிலா நிக்க ஆளில்ல. கணக்குல அதையும் சேத்து எழுதிருங்கண்ணே."